வரிக்கு வரி படித்துக் காட்டப்பட்டது

பிப்ரவரி 11, திங்கள்

வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர் ஒருவர், சென்ற ஆண்டின் நாட்குறிப்பேட்டை ஒரு பக்கமும் எழுதாமல் கழித்துப் போட்டிருந்தார். கேட்டு வாங்கி வந்து, கிழமைகளை மட்டும் சிவப்பு மையால் திருத்திக்கொண்டேன். எழுதத் தகுந்த நாள் இன்று வாய்த்தது.

வெள்ளேரிப்பாக்கத்துக்கு ரயில் நிலையம் உறுதியாகிவிட்டது. திட்ட அலுவலகத்திலிருந்து என் பெயருக்கே கடிதம். "312 பேர் ஒப்பமிட்ட தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, பொதுமக்களின் தேவை ஏற்கப்பட்டது." பெறுநர்: திருமதி சு. மங்கையர்க்கரசி, மனு எழுதுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மளிகைப் பொட்டலக் காகிதங்களையும் நூலகத்து அரசிதழ்களையும் படித்தே மொழியைக் கைக்கொண்டவள் நான். பத்தொன்பது ஆண்டுகளாக வட்டாட்சியர் அலுவலக வாயிலில் மடக்கு மேசை போட்டு அமர்ந்திருக்கிறேன். "எழுதிக் குடுக்கிற அம்மா" என்பார்கள். "மனு எழுதுநர்" என்று எவரும் விளித்ததில்லை.

அம்மனு பிறந்த கதையையும் பதிவு செய்கிறேன். என் மகள் நித்திலா நகரின் மறுகோடியில் இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் பணிபுரிகிறாள். இரண்டு பேருந்து, ஒரு ஷேர் ஆட்டோ. போக ஒரு மணி ஐம்பது நிமிடம், வரவும் அவ்வாறே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 46ஏ பேருந்தின் படியிலிருந்து விழுந்து முழங்காற்சில்லு உடைந்தது. அவள் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாற்பது நாட்களில், ஏழு தெருக்களில் வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெற்றேன். எழுதத் தெரியாதோரிடம் கைநாட்டு.

என்னுடன் மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் தனக்கோடி. எங்கள் வீட்டுக்கு எதிரே பிரியும் கன்னியப்பன் சந்தில் ஏழாவது வீடு அவளுடையது. சந்தின் முனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறாள். மாலையில் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நம்ம ரயிலு வந்துடுச்சின்னு சொல்லு. ஸ்டேஷனுக்கு உன் பேர வெப்பானுங்களாக்கா?"

"அத்தகைய வழக்கம் இல்லை."

"ரேடியோ மாரியே பேசு" என்று சிரித்தாள். பிறகு, "அடுத்த தபா நான் கைநாட்டு வெக்க மாட்டேன். எம் பேர எழுதக் கத்துக் குடு" என்றாள்.

"நான் இருக்கையில் உனக்கு எழுத்து எதற்கு?" என்றேன். மைப்பெட்டியை அவளே வைத்திருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். மகிழ்ந்தாள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

புளி, துவரை, இரண்டு பேனா. அலுவலக வாயிலில் நால்வர் வாழ்த்துக் கூறினர். ஐந்தாமவரை எதிர்பார்த்தேன், அவர் விடுப்பாம்.

மார்ச் 4, திங்கள்

அளவையாளர்கள் வந்தனர். நிலையத்தின் நுழைவாயிலுக்கு இரண்டு இடங்கள் ஆய்வில் உள்ளன. ஒன்று, பத்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையின் வெற்று நிலம். மற்றொன்று, கன்னியப்பன் சந்து. சந்தில் பதினொரு வீடுகள். ஆலையையே தேர்ந்தெடுப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே வேலிகாத்தானும் நாய்களும் தவிர வேறு குடிகள் இல்லை.

நித்திலா கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள்: ரயில் வந்தால் இருபத்துநான்கு நிமிடம். அந்த எண்ணை மறுமுறையும் கூறினாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கூறினாள்.

மார்ச் 28, வியாழன்

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. எனக்கு இரண்டாம் வரிசை நாற்காலி. சந்துக்காரர்கள் பின்னால் தரையில் இருந்தனர். ஆலை உரிமையாளரின் வழக்கறிஞர் பத்துப் பக்க ஆட்சேபணையை அளித்தார். நடை மோசம், ஒற்றுப் பிழைகளும் இருந்தன.

பின்னர் நில எடுப்பு அதிகாரி ஒலிவாங்கியைப் பற்றினார். "ஆலைத் தரப்புல கடுமையா எதிர்க்கிறாங்க. ஆனா சந்துல குடியிருக்கிறவங்க ரெண்டு வருஷம் முன்னாடியே எழுத்துபூர்வமா சம்மதம் குடுத்திருக்காங்க. இவ்வளவு அழகான தமிழ்ல ஒரு மனுவ நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. கடைசிப் பாராவ மட்டும் படிக்கிறேன்."

படித்தார். "இந்நன்முயற்சி கைகூடுமெனின், அதன்பொருட்டு எம் இல்லங்களையும் இழக்கச் சித்தமாயிருக்கிறோம் என்பதை இதன்வழி உளமார உறுதி கூறுகிறோம்."

அச்சொற்றொடர் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுதும் நிறைந்தது. எங்கு நிறுத்த வேண்டுமோ அங்கு நிறுத்திப் படித்தார். என் உதடுகள் உடன் அசைந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

பின்வரிசையிலிருந்து தனக்கோடியின் குரல் வந்தது. "சார், இன்னா படிச்சீங்க? மறுக்கா படிங்க."

அவர் மறுபடியும் படித்தார். இம்முறை நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். நாற்காலிக்கடியில் என் செருப்பின் வார் அறுந்திருந்தது.

மார்ச் 29, வெள்ளி

எதிர்கால வாசகர் பொருட்டு விளக்க வேண்டியுள்ளது. மனுவின் இறுதிப் பத்தியில் தொனி உயர வேண்டும். அது மரபு. "உயிரையும் ஈவோம்" என்று முடியும் மனுக்களை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எந்த அலுவலரும் எவர் உயிரையும் கேட்டு ஆள் அனுப்பியதில்லை. அலங்காரத்தை வாக்குமூலமாகக் கொள்வது படித்தவர்கள் செய்கிற காரியமன்று.

தேய்த்த துணிகளோடு தனக்கோடி வந்தாள். உள்ளே வரவில்லை.

"வூட்ட எழுதிக் குடுத்தது நீதானாக்கா?"

"எழுதிக் கொடுக்கவில்லை. அது ஒரு நடை."

"எந்த நடை? ஸ்டேஷன் வரும், ஏறு எறங்கு ஈசி, பாப்பா கால் மாரி எவ காலும் இனிமே ஒடையாதுன்னு சொன்ன. நாங்க வெரல வெச்சோம். வூட்ட வுடணும்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"சாராம்சத்தைக் கூறினேன்."

"சாராம்சம்னா இன்னா?"

விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. "கீழ ஏதோ எழுதிகீறியாமே, படிச்சுக் காட்டிட்டேன்னு. ஆபீசர் காட்டினாரு."

ஆம். ஒவ்வொரு மனுவின் அடியிலும் கைநாட்டுகளுக்கு மேல் நான் எழுதும் சான்று அது: "மேற்கண்டவை வரிக்கு வரி படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்ட பின் கைநாட்டுப் பெறப்பட்டது." பத்தொன்பது ஆண்டுகளாக எழுதுகிறேன். கை தானாகவே எழுதிவிடும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பதினொரு வீடுகளுக்கும் அறிவிப்பு வந்தது. மாற்றுக் குடியிருப்பு புதுக்கரணையில். இருபத்தேழு கிலோமீட்டர். தனக்கோடிக்கு ஏழாம் மாடி. இஸ்திரி வண்டியை ஏழாம் மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று அறிவிப்பு கொண்டு வந்தவரிடம் கேட்டாளாம். லிப்ட் உண்டு என்றாராம். "வண்டி ஏறிடும் சார். சட்ட போடுற ஆளுங்க ஏறி வருவாங்களா?" என்றாளாம். சொன்னவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி ஊற வைக்க மறந்துவிட்டிருந்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஜெபராஜ் என்னும் வழக்கறிஞர் வந்தார். இளைஞர், பேச்சில் சுற்றுவழி இல்லை. சந்துக்காரர்களின் ஆட்சேபணை 24ஆம் தேதி விசாரணைக்கு வருகிறதாம்.

"ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. அந்தக் கடைசி வரிய நீங்க அவங்களுக்குப் படிச்சுக் காட்டல, அவ்வளவுதான். சம்மதம் அடிபட்டுரும். ஆலை எடத்த மறுபடி பாத்துதான் ஆகணும்."

"நிலையம் என்னவாகும்?"

"தள்ளிப் போகும். ரெண்டு வருஷம் ஆகலாம். ஆனா வரும்."

"என் சான்று என்னவாகும்?"

"உங்க மேல கேஸெல்லாம் வராது. நீங்க எழுதின மத்த மனுவையும் சந்தேகப்படுவாங்க. அத மறைக்க மாட்டேன்."

வாயிலில் எனக்கு இருபுறமும் இருவர் மேசை போட்டிருக்கின்றனர். இருவரும் பட்டதாரிகள். என் மேசைக்கு மட்டும் ஏன் வரிசை நிற்கிறது என்றால், நான் எழுதியதை எந்த அலுவலரும் திருப்பி அனுப்பியதில்லை. சிந்தித்துக் கூறுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

நித்திலா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ படிச்சியா இல்லையாம்மா?"

"அன்றைய சூழ்நிலையில், 312 பேர்..."

"அது பதில் இல்ல."

"உனக்காகத்தானே அலைந்தேன்?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "ரெண்டு வருஷமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு காலை நீட்டி அமர்ந்து தைலம் தடவிக்கொண்டாள். நான் அதைக் கவனிக்காதது போல் கீரை ஆய்ந்தேன்.

ஏப்ரல் 20, சனி

வாக்குமூலத்தை நான்கு முறை எழுதினேன். முதல் வரைவு: "சொற்பெருக்கின்கண் சில நுட்பங்கள் செவிவழி சென்றடையாதிருத்தல் இயல்பே." இரண்டாவது இதனினும் செம்மையானது. மூன்றாவதில் மேற்கோள் அமைந்தது. நான்காவதில், "அவ்வரி வாசிப்பில் விடுபட்டிருக்கலாம்" என்று எழுதினேன். "லாம்" என்பதை அடித்தேன். மீண்டும் எழுதினேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

மையில் கட்டி தட்டிவிட்டது. மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 24, புதன்

உடல்நலமின்மை காரணமாக எங்கும் செல்ல இயலவில்லை.

நித்திலா வேலைக்குச் சென்ற பின் திரைச்சீலைகள் ஆறையும் கழற்றித் துவைத்தேன். பரண் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பத்து மணிக்கு வாசற்கதவு தட்டப்பட்டது, தனக்கோடியின் குரல். "மங்கைக்கா, ஆட்டோ நிக்குது." பத்தரைக்கு மறுபடியும். "அக்கா, ஒண்ணும் பேச வேணாம், வந்து நின்னா போதும்." நான் குளியலறையில் இருந்தேன். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. திரைச்சீலைகள் காய்ந்துவிட்டன.

ஜூன் 3, திங்கள்

சந்து காலியாயிற்று. இரண்டு லாரிகள். எங்கள் வீடு எதிர்வரிசையில் இருப்பதால் யாவும் ஜன்னலிலிருந்து தெரிந்தது. கேஸ் அடுப்பு, கட்டில், முருங்கைக்கன்று நட்ட பெயிண்ட் வாளி. இஸ்திரி வண்டியை ஏற்ற இடமில்லை. பழைய இரும்புக்காரன் சக்கரங்களை மட்டும் கழற்றிச் சென்றான்.

புறப்படுமுன் தனக்கோடி வந்தாள். நித்திலாவின் மூன்று சுடிதார்களைத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். விளிம்புகள் கத்தி போலிருந்தன. மேலே மைப்பெட்டி இருந்தது.

"பாப்பா துணி. இது உன்னுது."

"தண்ணீர் அருந்திவிட்டுச் செல்."

"லாரி கெளம்பிடும்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருப்பின் பதில் சொல்ல ஆயத்தமாயிருந்தேன். இரண்டு நாட்களாக அமைத்து வைத்திருந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இடையில் நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் எழுதவில்லை. எழுதுவதற்கு ஏதுமில்லை என்று கருதினேன். தூசியும் இயந்திர ஒலியுமே இருந்தன. கிழமைகளை மீண்டும் திருத்தியிருக்கிறேன், பச்சை மை.

இன்று நிலையம் திறக்கப்பட்டது. மேடையில் எனக்குச் சால்வை அணிவித்தனர். "இந்த நிலையத்தின் முதல் பயணி ஒரு பேனா" என்று ஒருவர் பேசினார். உவமை பொருந்தவில்லை எனினும் கைதட்டினர்.

பொய் சொல்ல மாட்டேன்: நல்ல ரயில். குளிர்ந்திருக்கிறது. குலுங்குவதில்லை. என் எதிரே டயாலிசிஸ் முடித்து வந்த பெரியவர் ஒருவர், வாரம் இருமுறை பேருந்தில் வாந்தியெடுத்துத் திரும்பியதைச் சொல்லி, இன்று கண்ணாடியில் தலைசாய்த்து உறங்கிப்போனார். நித்திலா ஐந்தே முக்காலுக்கு வீட்டிலிருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் தேநீர் அருந்தியதைப் பார்த்து ஆண்டுகள் பலவாயின. இருபத்துநான்கு நிமிடம். அந்த எண்ணில் பிழை இல்லை.

நுழைவாயிலின் நகரும் படிக்கட்டு, நான் கணக்கிட்ட வரையில், ஏழாவது வீட்டின் சமையலறையிலிருந்து புறப்படுகிறது. எதிரே அரிசி ஆலை இருந்த இடத்தில் பதினான்கு மாடிக் கட்டடம் எழுகிறது. விளம்பரப் பலகையில் "வாசலிலேயே ரயில்" என்று எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 22, வெள்ளி

46ஏ நிறுத்தப்பட்டது. ரயிலுக்கு இணையான தடம் இனித் தேவையற்றதாம். அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ரயிலில் உண்டு. அடுக்ககங்களில் பாத்திரம் தேய்க்கும் நான்கு பெண்கள் காலையில் எங்கள் வாசல் வழியே நடந்து போனார்கள். அவர்களுள் ஒருத்தி நிலையத்தின் கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

"மேம்பட்டது" என்று எழுதும்போது எவருக்கு என்பதையும் உடன் எழுத வேண்டும். இதை மனுவில் எழுத இடமில்லை. இங்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

தனக்கோடி தொலைபேசியில் அழைத்தாள். என் எண் அவளிடம் இருந்திருக்கிறது.

"மங்கைக்கா, ஒரு மனு எழுதணும். காலம்பற அஞ்சு மணிக்கு இங்கேந்து ஒரு பஸ்ஸு கூட இல்ல. வேலைக்குப் போறவ எல்லாம் அல்லாடுறா."

"அங்கே எழுதுவோர் இல்லையா?"

"கீறாங்க. உன் மனுவுக்குத்தான் ஆபீசுல நடக்குது. நாங்க பாத்துகீறோமே."

ஞாயிறன்று வருவதாகச் சொன்னேன். பையில் தாள், பேனா, மைப்பெட்டி எடுத்து வைத்தேன். மைப்பெட்டி உலர்ந்திருந்தது. புதிய மை ஊற்றினேன்.

அக்டோபர் 9, திங்கள்

நேற்றைய நிகழ்வை இன்று காலை எழுதுகிறேன்.

நகரின் மறுகோடி வரை ரயிலில் இருபத்துநான்கு நிமிடம். அங்கிருந்து புதுக்கரணைக்குப் பேருந்துக்காக ஐம்பது நிமிடம் நின்றேன். பயணம் ஒரு மணி. கட்டடங்கள் ஒன்றுபோல் இருந்தன. லிப்ட் நின்றிருந்தது. படிக்கட்டின் கீழே முப்பது பெண்கள் காத்திருந்தனர். தனக்கோடிக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது அலுவலகமொன்றில் தரை துடைக்கிறாள். ஏழு மணிக்குள் போய்ச்சேர, நான்கரைக்கு மூன்று பேர் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறார்களாம்.

"உக்காருக்கா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவர்கள் கூறியதைக் கேட்டு எழுதினேன். ஒன்றேகால் பக்கம். முடித்து, சான்றையும் எழுதி, மைப்பெட்டியைத் திறந்தேன்.

தனக்கோடி கையை நீட்டினாள். விரலை அன்று; உள்ளங்கையை. "குடு."

தாளை வாங்கி, முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள். "மா...ந...க...ரப்... மாநகரப் பே...ருந்து."

நான்காம் மாடியில் அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறாராம். மூன்று ஆண்டுகளாகக் கற்கிறாள். முப்பது பெண்களும் கேட்கும்படி, வரிக்கு வரி, நின்று நின்று படித்தாள். "இன்றியமையாத" என்பதில் மூன்று முறை இடறினாள். நான் எடுத்துக் கொடுக்க வாய் திறந்தேன். "இரு. நானே சொல்றேன்" என்றாள். முடிக்க அரை மணிக்கு மேலாயிற்று. எவரும் எழுந்து போகவில்லை.

இறுதிப் பத்தி வந்தது. "இப்பேருந்து வரப்பெறின், எம் வாழ்நாள் முழுமையும்... நன்...றிக்கடன்... பட்டிருப்போம்." நிமிர்ந்தாள்.

"இது நான் சொல்லலியே."

"அது ஒரு மரியாதை."

"பஸ்ஸுதான கேக்கறோம். பஸ்ஸுக்கு இன்னாத்துக்கு வாழ்நாள் முழுக்க?" பின்னால் திரும்பி, "வேணுமாடீ உங்களுக்கு?" என்றாள். ஒருத்தி, "மொத தபா வூட்ட வுட்டதே போதும், இத வேற வுடணுமா" என்றாள். சிரித்தார்கள். தனக்கோடி என் பேனாவை வாங்கி, அந்தப் பத்தியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். நேர்க்கோடு. துணி மடிப்பவளின் கோடு.

பின்பு கீழே இருந்த சான்றுக்கு வந்தாள். "மேற்கண்டவை வரிக்கு வரி படித்துக் காட்டப்பட்டு..." இதை இடறாமல் படித்தாள். முன்பே எங்கோ பலமுறை படித்தவள் போலப் படித்தாள்.

"இத நீ காட்டல. நான் படிச்சேன்."

அதன் மேலும் ஒரு கோடு இழுத்தாள். கீழே, பெரிய எழுத்துகளில், தாளின் பாதியை அடைத்து, தன் பெயரை எழுதினாள். ஒற்றுகளுக்குப் புள்ளி வைக்கும்போது மட்டும் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாள் கைமாறிச் சென்றது. அவர்களுள் பத்தொன்பது பேர் எழுதினார்கள். மற்றவர்களுக்கு என் மைப்பெட்டி பயன்பட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் தனக்கோடி.

"ஆபீசுல நீயே குடுத்துடு. உனக்குத்தான் வழி தெரியும்" என்று தாளை என்னிடம் தந்தாள். நிறுத்தம் வரை உடன் வந்தாள். அங்கே நிழற்குடை இல்லை. "ஒரு மணி நேரம் ஆவும், பரவால்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

இவ்வளவும் எழுதிவிட்டு முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சொற்கள் செம்மையாக அமைந்துள்ளன. திருத்த ஏதுமில்லை. விடுபட்ட வரி ஒன்று உண்டு. ஏப்ரல் 24 அன்று எழுதியிருக்க வேண்டியது.

நான் அவர்களுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை.